பழைய தங்கக் கைக்கடிகாரம் வைத்திருப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

"போனிலேயே மணி தெரிகிறது, அந்தக் காசுக்கு ஒரு செயின் வாங்கலாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தங்கத்துக்காக என்றால் தாராளமாகச் செயினே வாங்குங்கள். வாட்சில் தங்கம் இருப்பது பெரும்பாலும் மேல்கூட்டில்தான். உள்ளே ஓடுவது பித்தளையும் எஃகும். கூட்டை உருக்கக் கொடுத்துவிட்டு மெஷினைக் காகிதத்தில் மடித்து வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என்னிடம் இருப்பது தாத்தாவின் வாட்ச். குன்னூர் பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதியவர் அவர். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரையிடம் வாங்கினாராம். சாவி கொடுக்கிற ஸ்விஸ் வாட்ச், 18 காரட். அதாவது நான்கில் மூன்று பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி மாதிரியான உலோகங்கள். எஃகைவிட மென்மையானது என்பதால், போட்டவர் கை அதில் பதிந்துவிடுகிறது. ஸ்ட்ராப் மாட்டும் காதுகள் நான்கும் மழுங்கி உருண்டிருக்கின்றன. மலையில் ஸ்வெட்டர் இல்லாத நாள் குறைவு. அதன் கை உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் 18 காரட் தங்கத்துக்கு அந்தக் கால ஸ்விஸ்காரர்கள் குத்திய பெண் தலை முத்திரை, பக்கத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். சர்வீஸ் செய்த ஒவ்வொருவரும் தன் அடையாளத்துக்குப் போட்டு வைத்தவை. யார் யாரோ, எந்தெந்த ஊர்க் கடையோ! புது வாட்ச் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது அதில் இருக்காது.

அப்புறம் அந்தச் சத்தம். பேட்டரி வாட்ச் விநாடிக்கு ஒருமுறை தட்டும். அந்தக் காலத்துச் சாவி வாட்ச் பெரும்பாலும் மணிக்கு 18,000 தட்டு, விநாடிக்கு 5. காலையில் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்காமல் நான் கட்டுவதே இல்லை.

நம் வீடுகளில் 'தங்க வாட்ச்' என்று பீரோவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை முலாம் பூசியவை. 20 மைக்ரான் பூச்சு என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. காதுகளின் முனையில்தான் முதலில் பித்தளை எட்டிப் பார்க்கும். அதனால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள். அப்பா கட்டிய எச்.எம்.டி. என்றால் அதைத்தான் நானும் கட்டுவேன்.

ஊட்டி, கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு ஒன்று. தங்கம் துருப்பிடிக்காது, சரி. ஆனால் இந்தப் பழைய வாட்சுகளுக்குள் ஈரம் சுலபமாகப் புகும். வெளியே பனி, உள்ளே உடம்புச் சூடு. கண்ணாடிக்குள் ஆவி படியும், டயலில் புள்ளி விழும், எஃகுப் பாகங்கள் துருவேறும். ஆவி தெரிந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வெளியே கட்டிப் போக வேண்டாம். டயலில் புள்ளி விழுந்தாலும் வண்ணம் அடிக்கவோ, கூட்டைப் பளபளவென்று தேய்க்கவோ கொடுக்காதீர்கள். தேய்த்தால் தங்கமும் போகும், வெளியே முத்திரை இருந்தால் அதுவும் மழுங்கும்.

வாங்குவதானால் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்று 18 காரட்டுக்கு 750, 14-க்கு 585, 9-க்கு 375 என எண் இருக்கும். திறக்க மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.