எருமைக்கு 'இம்' என்று சொன்ன குழந்தை

கேள்வி: நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகள் அழிகின்றன என்று உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். எழுத்தே இல்லாத, ஆயிரம் இரண்டாயிரம் பேர் பேசும் பேச்சை எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும்? அந்தப் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படித்து முன்னேறட்டுமே. காலப்போக்கில் தானாக மறைவதற்கு ஏன் இத்தனை கவலை?
– வாசகர், குன்னூர்

பதில்: அந்தத் 'தானாக' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்பு. சுவரில் விலங்குகள் படம். ஆசிரியர் குச்சியால் எருமையைத் தொட்டு, "இது என்ன?" என்றார். முன் வரிசையில் இருந்த கோத்தர் வீட்டுச் சிறுமி பட்டென்று "இம்" என்றாள். வகுப்பே சிரித்தது. "எருமைன்னு ஒழுங்காச் சொல்லு" என்றார் ஆசிரியர். அடிக்கவில்லை, திட்டவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் குழந்தை அப்புறம் மணி அடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஏனென்றால் அவள் சொன்னது சரியான விடை. எருமைக்குக் கோத்தர் மொழியில் 'இம்'. தோடர் மொழியில் 'இர்'. கன்னடத்தில் 'எம்மெ', படுகர் பேச்சிலும் அப்படித்தான். நம் 'எருமை'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலுள்ள ரகரம் தோடர் வீட்டுக்குப் போயிருக்கிறது, மகரம் கோத்தர் வீட்டுக்குப் போயிருக்கிறது. தாய் வீட்டுப் பாத்திரத்தைப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்ட மாதிரி. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்த இரண்டும் திராவிட மொழிகளின் வரிசையில் இருக்கின்றன. 1930களில் எமனோ என்ற மொழியியல் அறிஞர் இங்கே வந்து, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் கேட்டுக் கேட்டு எழுதினார். அப்படிப்பட்ட மொழியில் பதில் சொன்ன பிள்ளையைத்தான் சிரித்து உட்கார வைத்தோம்.

எழுத்து இல்லை என்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்த எழுத்தா? ரோமானியரிடம் வாங்கியதுதானே. இந்தியும் மராத்தியும் ஒரே நாகரியில்தான் எழுதப்படுகின்றன. தோடர் மொழிக்கு எழுத்து அமைப்பது கொஞ்சம் சிரமம், ஒப்புக்கொள்கிறேன். நாக்கு துடிக்கும் ரகர ஒலி மட்டும் அதில் மூன்று உண்டு. நம் ர, ற இரண்டையும் வைத்துச் சமாளிக்க முடியாது. மேலே 'இர்' என்று எழுதினேனே, அதுவும் ஏறக்குறையத்தான். அந்த இகரம் நம் இகரம் இல்லை. கூடுதலாகச் சில குறிகள் வேண்டும், அவ்வளவுதான்.

தமிழும் ஆங்கிலமும் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இந்த மலையில் யாரும் ஒரே மொழியோடு வாழ்ந்ததில்லை. தோடர் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்தார்கள், சாவுச் சடங்குக்கு வந்து வாசித்தார்கள். படுகர் தானியம் தந்தார்கள், குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்தது. அத்தனை தலைமுறையும் அவரவர் மொழி அவரவர் வீட்டில் உயிரோடுதான் இருந்தது. பிறகு புல்வெளியில் கற்பூர மரமும் சீகையும் நட்டார்கள், தேயிலை வந்தது, மேய்ச்சல் சுருங்கி எருமையும் குறைந்தது. எருமை போனால் எருமையைச் சுற்றியிருந்த சொற்களும் பாட்டும் எங்கே நிற்கும்? இதில் தானாக நடந்தது எது?

கணக்கெடுப்பிலும் இதே கதை. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயரை மக்கள்தொகைக் கணக்கு வெளியிடுவதில்லை. தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். ஆக அந்த மொழி பட்டியலிலேயே இல்லை. படுகு பேசுவோர் 2011இல் 1,33,000க்கு மேல். அவர்களைக் கன்னடத்தின் கீழ் சேர்த்திருக்கிறார்கள்.

வேல்ஸ் நாட்டில் 19ஆம் நூற்றாண்டில், வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டினார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. நியூசிலாந்திலும் மாவோரி பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கிய தலைமுறை உண்டு. அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளோடு அந்த மொழியைப் பேசவில்லை, பிள்ளையாவது தப்பிக்கட்டும் என்று. மொழி அறுந்தது அந்த இடத்தில்தான்.

அதை அவர்கள் திரும்ப முடிச்சுப் போட்ட விதத்தைப் பாருங்கள். 1982இல் 'கோஹாங்கா ரேயோ' தொடங்கினார்கள். மொழிக் கூடு என்று பொருள். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளை மாவோரி மட்டுமே பேசும் பாட்டி தாத்தாக்களிடம் விட்டார்கள். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த மொழியில். 1987இல் மாவோரி அந்த நாட்டின் அலுவல் மொழியானது.

தமிழ்நாடு அரசு 2024–25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர் உள்ளிட்ட பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒலிப்பதிவு அலமாரியில் இருக்கும். குழந்தைக்குப் பதில் பேசாது. பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அங்கன்வாடியும் இருக்கிறது. அந்தந்த ஊர்ப் பாட்டியை அங்கே தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்கலாம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956இலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

1938இலும் 1965இலும் நம் மொழிக்காகச் சிறை போனவர்கள், உயிர் கொடுத்தவர்கள் நம் வீட்டு ஆட்கள். அந்த வகுப்பில் சிரித்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை வகுப்பில் கோத்தரோ தோடரோ இருளரோ குறும்பரோ யாராவது இருப்பார்கள். எருமைக்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். வரும் சொல்லை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.