ஜெட் ஸ்கீயில் நெடும்பயணம்: எதை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், தண்ணீரில் ஸ்கூட்டர் போல ஓட்டும் ஜெட் ஸ்கீயில், போர்ட் செவர்னில் தொடங்கி, ஜார்ஜியன் விரிகுடாவின் கிழக்குக் கரையை ஒட்டி, பாரி சவுண்ட், கில்லார்னி என்று இரவு தங்கித் தங்கிப் போக விரும்புகிறவர்கள் இந்த ஆண்டு நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லாமே சாமான் ஏற்றுவதைப் பற்றியவை. பதில்கள் கீழே.

கேள்வி (பிராம்ப்டன்): அண்ணா, மூன்று பேர் அமரக்கூடிய வண்டி வைத்திருக்கிறேன். மூன்று நாள் பயணத்துக்குச் சாமான்களை எங்கிருந்து அடுக்கத் தொடங்குவது?

பதில்: உங்கள் உடம்பிலிருந்து தொடங்குங்கள், தம்பி. பெரும்பாலானோர் முன்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எது எதற்குள் போகும் என்று பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எந்த வேளையில் தேவைப்படும் என்று கேட்பேன். அந்த வேளைதான் அதற்கான இடத்தைச் சொல்லும்.

நீங்கள் தண்ணீரில் விழுந்தால் மணிக்கட்டில் மாட்டிய சாவிக்கயிறு வண்டியிலிருந்து கழன்று இன்ஜின் நின்றுவிடும். ஆனால் காற்று அடிக்கும் நாளில் ஆளில்லாத வண்டி, நீங்கள் நீந்துவதைவிட வேகமாக விலகிப் போகும். அப்போது முன்பெட்டியில் இருக்கும் விலை உயர்ந்த கருவி எதுவும் உங்களுடையது அல்ல. ஆகவே விசில், பிற படகுகளோடும் கரையோடும் பேச உதவும் மிதக்கும் வி.எச்.எஃப் வானொலி, சிறு கத்தி, 406 மெகாஹெர்ட்ஸ் அபாயச் சமிக்ஞைக் கருவி ஆகியவை லைஃப் ஜாக்கெட்டின் பைகளிலேயே, சிறு கயிற்றால் கட்டப்பட்டு இருக்க வேண்டும். அந்தச் சமிக்ஞைக் கருவியை முன்கூட்டியே கனடிய அரசின் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. வி.எச்.எஃப் பேசுவதற்குச் சான்றிதழ் தேவை, அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இருக்கையில் அமர்ந்தபடியே கை எட்டும் பெட்டி. குடிநீர், வரைபடம், மாற்றுச் சாவிக்கயிறு, கொறிக்க ஏதாவது அதில் இருக்கட்டும். கரை இறங்கிய பிறகு மட்டுமே தேவைப்படும் கூடாரம், உறக்கப்பை, மாற்றுடைகள் முன்பெட்டிக்குப் போகலாம்.

கேள்வி (மார்க்கம்): எவ்வளவு எடை வரை ஏற்றலாம்?

பதில்: வண்டியின் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். சீ-டூ நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ் வகையில் மனிதர்களும் சாமான்களும் சேர்ந்து 272 கிலோ. ஈர உடையும் (குளிர்நீரில் உடம்பைச் சூடாக வைக்கும் வெட்சூட்) லைஃப் ஜாக்கெட்டுமாக இரண்டு பெரியவர்கள் 180 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 92. அதில் ஐஸ் நிரம்பிய பெட்டி ஒன்று, 20 லிட்டர் தண்ணீர், கூடுதல் பெட்ரோல் என்று வைத்ததும் கணக்கு எவ்வளவு வேகமாகக் கரைகிறது பாருங்கள்! அந்த மிச்சத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அனுமதித்த உச்ச எடையில் வண்டி மிதக்கும், ஓடும். ஆனால் எதிர் அலையில் அதைத் திருப்பும்போது உங்கள் தோள்தான் விலை கொடுக்கும்.

குடிநீரைக் கனமான கேன்களில் கொண்டுபோகாமல் மடக்கக்கூடிய மென்பைகளில் கொண்டுபோங்கள். தீரத் தீர அவை சுருங்கி இடம் விடும். கனமான பொருள் தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்க வேண்டும். முன்முனையில்தான் குலுக்கல் மிக அதிகம். இரும்புச் சாமான்களை அங்கே போட்டால் பெட்டியின் அடிப்பகுதியை நாள் முழுவதும் இடித்துக்கொண்டே வரும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): கூடுதல் பெட்ரோலை முன்பெட்டிக்குள் வைத்தால் வெயில் படாதே?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கேனின் மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஆவி கசிந்து, மூடிய வண்டியின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். பிறகு ஒரு தீப்பொறி போதும். கூடுதல் பெட்ரோல் எப்போதும் வெளியில், பின்தளத்தில், அதற்கென்று செய்த கேனில், அதற்கென்று செய்த பிடிமானத்தில் இருக்க வேண்டும். சாமான்களைப் பின்தளத்தில் பூட்டுவதற்கான சீ-டூவின் லின்க் அமைப்பில் பொருந்தும் கேன் 15 லிட்டர் கொள்ளும். அதிலுள்ள பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய 11 கிலோ. கேனை வண்டிமேல் வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்; நிலைமின்சாரத் தீப்பொறியைத் தவிர்க்க அதுதான் வழி. வண்டிக்கு எரிபொருள் போட்ட பிறகு இருக்கையைத் தூக்கி, மோந்து பார்த்துவிட்டு இன்ஜினை முடுக்குங்கள்.

எவ்வளவு தேவை என்பதற்குப் பழைய படகோட்டிகளின் கணக்கே போதும்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. யமஹா எஃப்.எக்ஸ், சீ-டூ ஜி.டி.எக்ஸ் இரண்டுக்கும் தொட்டி 70 லிட்டர். பாரி சவுண்ட், பாயின்ட் ஓ பாரில், பிரிட் வரை எரிபொருள் கிடைக்கும். பிரிட் தாண்டி கில்லார்னி வரையிலான நீட்சியில்தான் கவனம் வேண்டும். கேன் எடுத்துப் போவது அதற்காகவே. பயணத்துக்கு முன் உங்கள் வண்டியில் முழுச் சுமையும் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டி, எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். வெறும் வண்டியின் கணக்கு இங்கே உதவாது.

கேள்வி (மிசிசாகா): முன்பெட்டியின் மூடியில் ரப்பர் விளிம்பு இருக்கிறது. தனியாக நீர் புகாத பைகள் எதற்கு?

பதில்: அந்த ரப்பர் தெறிக்கும் நீரைத் தடுக்கும். முகத்துக்கு நேராக அலை வந்து மூடிமேல் ஏறும்போதும், வண்டி கவிழும்போதும் தடுக்காது. உள்ளே இருப்பதெல்லாம் நனையும் என்று வைத்துக்கொண்டே அடுக்குங்கள்.

அறுபது லிட்டர் பை ஒன்றைவிடப் பத்து, இருபது லிட்டர் பைகள் சில நல்லது. வளைந்த பெட்டிக்குள் அவை இடுக்குகளை நிரப்பும்; ஒன்று கிழிந்தாலும் மற்றவை தப்பும். வாயை மூடுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பையை முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இரு விளிம்புகளையும் சுருக்கமில்லாமல் நேராகச் சேர்த்து, குறைந்தது மூன்று முறை இறுக்கமாகச் சுருட்டி, பிறகு கொக்கியை மாட்டுங்கள். விளிம்பில் ஒரே ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் அதன் வழியே நாள் முழுக்கத் தண்ணீர் ஊறும். உறக்கப்பைக்கு மட்டும் பைக்குள் பை.

கேள்வி (ஸ்கார்பரோ): எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டினால் போதாதா?

பதில்: போதாது. அலையில் குதிக்கும்போது எலாஸ்டிக் நீளும், சுமை ஆடும், கொக்கி கழன்று தெறிக்கும். பின்னால் அமர்ந்திருப்பவரின் முகம் அதற்கு நேரே இருக்கிறது. பல் பிடிப்புள்ள நைலான் வார்களைப் பயன்படுத்துங்கள். வாரை ஒரு முறை முறுக்கிவிட்டால் காற்றில் அதிர்ந்து ரீங்காரமிடாது.

இதைவிட முக்கியம், வாரின் மிச்ச நுனி. அது அவிழ்ந்து தண்ணீரில் இழுபட்டால், வேகம் குறையும் நேரத்தில் வண்டியின் அடிப்பக்கத் துளை வழியே உறிஞ்சப்பட்டு, பம்பினுள் சுழலும் விசிறியான இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். நடு விரிகுடாவில் அது பயணத்தின் முடிவு. ஒவ்வொரு நுனியையும் சுருட்டி ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். இழுவைக் கயிறு எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அப்படியும் சிக்கினால் இன்ஜினை நிறுத்தி, சாவிக்கயிற்றைக் கழற்றிய பிறகுதான் பம்ப் அருகே கை போக வேண்டும்.

கேள்வி (வான் நகர், பெயர் வேண்டாம் என்றார்): என் கணவர் பின்தளம் முழுவதும் ஐஸ் பெட்டியும் கேன்களும் வைக்கிறார். நான் தண்ணீரில் விழுந்தால் எப்படி ஏறுவது என்று கேட்டால் சிரிக்கிறார்.

பதில்: சகோதரி, இந்த ஆண்டு வந்த கேள்விகளில் மிக நல்லது இது. ஜெட் ஸ்கீயில் ஏறுவதற்கு இருக்கும் ஒரே வாசல் பின்தளம். அதை அடைத்துவிட்டால் களைத்த மனிதர் பக்கவாட்டில் தொங்கி ஏற முயல்வார். வண்டி அவர் மேலேயே கவிழலாம்.

இங்கே நீர் குளிர்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீருக்குச் சொல்லும் 1-10-1 கணக்கு எல்லாரும் அறிய வேண்டியது: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும்படி இயங்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏறுவதற்கு உங்களுக்குக் கிடைப்பது நடுவிலுள்ள அந்தப் பத்து நிமிடம்தான்.

ஆகவே சுமையை இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்து, பின்விளிம்பில் இரண்டு முழங்காலும் ஊன்றும் அளவுக்காவது இடம் விடுங்கள். பிறகு, இடுப்பளவைவிடச் சற்று ஆழமான இதமான நீரில், பயணத்தில் போகும் அதே சுமையோடு இருவரும் இறங்கி ஏறிப் பாருங்கள். கவிழ்த்து நிமிர்த்தியும் பாருங்கள். எந்தப் பக்கமாகச் சுழற்ற வேண்டும் என்று வண்டியின் பின்புறத்தில் படம் ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகலாம். உங்களால் ஏற முடியவில்லை என்றால் ஐஸ் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் கணவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பிக்கரிங்): ஐஸ் பெட்டி இல்லாமல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: நம் வீடுகளில் இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் நாளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு, ஐஸ் தேவையில்லை. தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். அதன் பிறகு ரொட்டி, பருப்புப்பொடி, டின் மீன். இரவில் உணவு எதையும் வண்டியில் விடாதீர்கள். இந்தக் கரை முழுவதும் கருங்கரடிகள் உண்டு. பாறைமேல் திறந்து வைத்த பையை மூடுவதற்கு முன் உதறிப் பாருங்கள். மசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு வாழும் கரை இது.

கேள்வி (பீட்டர்பரோ): ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் போனால் அடுக்கும் முறை மாறுமா?

பதில்: கயிறுகளின் இடம் மாறும். ட்ரென்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீட்டர். வழி நெடுக நீர்ப்பூட்டுகள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் கதவு போட்ட தொட்டிகள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் ஒரு கயிறு கைக்கு உடனே வர வேண்டும். அங்கே சுவரில் தொங்கும் வடத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமே தவிர முடிச்சுப் போடக் கூடாது. நீர்மட்டம் மாறும்போது வண்டி தொங்கிவிடும். சுவரில் உரசாமல் இருக்க இரண்டு சிறிய மெத்தை மிதவைகளையும் மேலாக வையுங்கள். வெட்டிய கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். ஆகவே நாளின் தூரத்தைக் குறைத்தே திட்டமிடுங்கள். 1904இல் திறந்த பீட்டர்பரோ படகுத் தூக்கியில் ஏறும் அனுபவத்துக்காகவே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கலாம்.

கேள்வி (ஓஷவா): சீ-டூ ஸ்பார்க்கில் இதெல்லாம் முடியுமா?

பதில்: தொட்டி 30 லிட்டர்; சாமானுக்கு இடம் சொற்பம். பெரிய வண்டி ஒன்றின் துணையோடு, ஒருவர் மட்டும் அமர்ந்து, ஒரு நாள் பயணமாகப் போய் வரலாம்.

கேள்வி (விட்பி): காற்று ஊதும் லைஃப் ஜாக்கெட் இடம் அடைக்காது. அதை வாங்கலாமா?

பதில்: ஜெட் ஸ்கீக்கு அது கனடாவில் அங்கீகரிக்கப்படவில்லை. நுரை நிரப்பிய அங்கிதான் வேண்டும், அதுவும் பைகள் உள்ளதாக. அதன் உள்ளே, ஜூன் மாதமென்றால் ஈர உடை கட்டாயம்.

கேள்வி (கிங்ஸ்டன்): பழுதுபார்க்கும் சாமான்களில் எதை விடக் கூடாது?

பதில்: மாற்று ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்கான ஸ்பேனர், ஃபியூஸ்கள், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், புனல், நைலான் கட்டுகள், பிளாஸ்டிக் நாடா. எல்லாம் ஒரே சிறு பையில், துணியில் சுற்றி, சத்தம் வராமல். இருக்கைக்கு அடியில் வைப்பதானால் காற்றுக்குழாய் வாய்களை மறைக்காதீர்கள். சுழலும் தண்டின் பக்கம் துணி நுனியோ வார் நுனியோ போகாதபடி கட்டுங்கள். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த வண்டி என்றால் 91 ஆக்டேன் உயர்ரகப் பெட்ரோல் எந்தப் படகுத்துறையில் கிடைக்கும் என்று புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய துறைகளில் சாதாரண பெட்ரோல் மட்டும் இருப்பதுண்டு.