மீட்டரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதே

தம்பி, டெல்லி மயூர் விஹாரில் ஒரு வீட்டின் தரைத்தளம் வாடகைக்கு வருகிறது, பத்து மேசை போட்டு டிபன் கடை வைக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஹிந்தி என்று இன்னும் மூன்று கேள்வி. குளிருக்கு நல்ல ரஜாய், அதுதான் பஞ்சுப் போர்வை, வாங்கிக்கொள். தமிழ்ப் பள்ளிகள் டெல்லியில் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளலாம். ஹிந்தியைக் காய்கறி வண்டிக்காரனே சொல்லிக்கொடுத்துவிடுவான். எனக்கும் அவன்தான் வாத்தியார். இன்றைக்கு என் ஹிந்தியைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. சரி, கடைக்கு வருவோம்.

"கமர்ஷியல் மீட்டர் இருக்கு, பயமே வேண்டாம்" என்று டீலர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2005-இல் தெற்கு டெல்லியில் மெஸ் வைக்க இடம் பார்த்த எங்களிடமும் ஒருவர் இதையேதான் சொன்னார். கரண்டுக்கு எந்த ரேட் என்பதற்குத்தான் மீட்டர். அங்கே கடை வைக்கலாமா என்பது மாஸ்டர் பிளானில், அதாவது எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நகரத் திட்டத்தில் இருக்கிறது. 2007-இல் வந்த, 2021 வரைக்குமென்று போட்ட பிளானில் மிக்ஸட் யூஸுக்கென்றே, அதாவது வீடும் கடையும் கலந்திருப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. தெரு மிக்ஸட் யூஸ் என்றோ கமர்ஷியல் என்றோ அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மிக்ஸட் யூஸ் தெருவில் சில்லறைக் கடை தரைத்தளத்தோடு சரி, மாடிக்குப் போகக்கூடாது. அறிவிக்காத தெருவிலும் வீட்டின் கீழே 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடிக்குள், மளிகை, காய்கறி, இஸ்திரி, சலூன் வைக்கலாம். டீக்கடையும் வைக்கலாம், ஆனால் உட்கார இடம் போடக்கூடாது. தெரு பட்டியலில் இல்லையென்றால் உன் பத்து மேசை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அதனால் தெருப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார். கன்வர்ஷன் சார்ஜ், அதாவது வீட்டைக் கடையாகப் பயன்படுத்துவதற்கான கட்டணம், கட்டிய ரசீதை ஓனரிடம் கேள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடு. கொஞ்சம் கூட வாடகை போனாலும் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய லோக்கல் ஷாப்பிங் சென்டரில் ஒரு கடையைப் பிடி, ராத்திரி தூக்கம் வரும். சர்க்கார் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு "டெல்லில எல்லாம் நடக்கும்ப்பா" என்று சொல்லும் நம் ஆட்களிடம் மட்டும் யோசனை கேட்காதே. கடை வாடகை என்று ஒரு ரூபாய் எடுத்து வைத்தவர்கள் இல்லை அவர்கள். எங்களைத் தைரியப்படுத்தி இறக்கிவிட்டதும் அவர்கள்தான்.

2006 பிப்ரவரியில் குடியிருப்புப் பகுதிக் கடைகளை மூடி சீல் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. மார்ச் கடைசியில் சீலிங் ஆரம்பித்தது. மெஸ்ஸில் சாப்பிடும் பையன்கள் பேப்பரைக் காட்டினார்கள். பெரிய ஷோரூம்களுக்குத்தான் என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். செப்டம்பரில் சீலிங்கை எதிர்த்த போராட்டம் டெல்லி சீலம்பூரில் துப்பாக்கிச் சூடு வரை போனது. அந்த மாதமே 2,000-க்கும் மேற்பட்ட தெருக்களுக்கு அனுமதி அறிவித்தார்கள். எங்கள் தெரு அதில் இல்லை.

எங்கள் ஷட்டருக்கு அதற்குள் அரக்கு வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. மே மாத வெயில். சாமான் எடுக்கக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். நான் கல்லாப்பெட்டியையும் சாமி படத்தையும் தூக்கினேன், இவர் கிரைண்டரைத் தூக்கினார். மறுநாளைக்கு அரைத்து வைத்த இரண்டு டிரம் மாவு உள்ளேயே நின்றுவிட்டது. சீலைத் தொட்டால் கேஸ். மூன்றாம் நாள் மாவு பொங்கி ஷட்டருக்கு அடியில் வழிந்து படிக்கு வந்தது. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். அப்புறம் அவளே ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்து கூட நின்று கழுவினாள்.

அந்த மாத வாடகையை ஓனர் விடவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.