அட்டை இருக்கிறது, மாதப் பணம் வருமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 59 வயது. நாற்பது வருடம் தெருக்கூத்து ஆடியவர். முழங்கால் தேய்ந்துபோனதால் இரண்டு வருடமாக ஆடவில்லை. ‘அரசு பதிவு பெற்றது’ என்று அச்சடித்த கலைஞர் அட்டை ஒன்று வைத்திருக்கிறார். ஐயாயிரம் கொடுத்தால் அந்த அட்டையை வைத்தே மாதம் மூவாயிரம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அட்டையில் மாதப் பணம் வராது. அதை எடுத்து இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள். ‘தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்’ என்ற பெயர் அதில் இருக்கிறதா? அதற்குப் பதிலாக ஏதோ ஒரு சங்கத்தின் பெயரும் அடியில் ஒரு பதிவு எண்ணும் இருந்தால், அது சங்க அட்டை. ஏழு பேர் சேர்ந்து பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு எண் கிடைத்துவிடும். ‘அரசு பதிவு பெற்றது’ என்பதற்கு அவ்வளவுதான் பொருள். அப்பா கலைஞர் என்று அரசு எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இந்த மூன்று சொல்லைக் காட்டியே ஊர் ஊராக ஆண்டுச் சந்தா வசூலிக்கிறார்கள். நல்ல சங்கங்களும் இருக்கின்றன, ஆனால் அவர்கள் அட்டையை ஓய்வூதியம் என்று சொல்லி விற்க மாட்டார்கள்.

அடுத்து, இரண்டு தனித்தனி வாசல்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல வாரியம் 2007இல் அமைந்தது. அதில் உறுப்பினராக 18 வயது முடிந்திருக்க வேண்டும், 60 தாண்டியிருக்கக் கூடாது. விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு, திருமணம், மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனியே உதவி தருவது வாரியம். நீங்கள் கேட்கும் மாதம் ரூ.3,000, ‘நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கான நிதியுதவி’. அதைத் தருவது சென்னையில் உள்ள தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். அதற்கு 58 வயது முடிந்திருக்க வேண்டும். வாரிய அட்டை இருப்பவருக்கும் இது தானாக வராது, தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு 59 என்பதால் இன்றைக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. 60 தாண்டினால் வாரியத்தின் கதவு மூடிவிடும். அதனால் முதலில் வாரிய விண்ணப்பம், அதே வாரத்தில் மன்றத்து விண்ணப்பம். இரண்டு படிவத்துக்கும் விலை கிடையாது. படிவத்தைக் கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் கேளுங்கள். உங்கள் பகுதிக்கான மண்டலக் கலை பண்பாட்டு மையம் எது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பம் பெரும்பாலும் விழுவது வயதில். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, குடும்ப அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறொன்று. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆதார் எடுத்தபோது குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போனார்கள், அதன் பலனை இப்போது இவர்கள் அனுபவிக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். பள்ளிச் சான்றோ வேறு உறுதியான ஆவணமோ கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஆதார் சரியாக இருந்தால் குடும்ப அட்டையைத் திருத்துவதுதான் சுலபம்.

அடுத்தது பெயர். கூத்து நோட்டீஸில் இருப்பது ஊர் கூப்பிடும் பெயர், ஆதாரில் இருப்பது பெற்றோர் வைத்த பெயர். நோட்டீஸைப் பார்க்கும் எழுத்தருக்கு இரண்டும் இரண்டு ஆள். ஆகவே கோயில் தர்மகர்த்தாவிடமோ விழாக் குழுவிடமோ கடிதம் வாங்கும்போது ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்றால் எந்த ஆண்டு, எத்தனை நாள், என்ன வேடம், எந்த ஜமாவோடு, அதாவது எந்தக் கூத்துக் குழுவோடு வந்தார் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். ‘சிறந்த கலைஞர், உதவி செய்யவும்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. மூன்று வெவ்வேறு ஊர்க் கடிதம், வெவ்வேறு ஆண்டுகளின் ஐந்தாறு நோட்டீஸ், இவை போதும். ஊராட்சித் தலைவரின் கடிதத்தைக் கூடவே வையுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

புகைப்படத்திலும் ஒரு விஷயம் உண்டு. அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய பிறகு முகமே தெரியாது. பாதி அரிதாரத்தில், ஒப்பனைக் கொட்டகையில் எடுத்த படம் இருந்தால் அதுதான் தங்கம். முழு வேடப் படத்தையும் அதன் பக்கத்தில் வையுங்கள். தரகர்கள் இங்கேதான் விளையாடுகிறார்கள். யாருடைய கிரீடத்தையோ வாங்கி மாட்டி, ஸ்டுடியோவில் நிறுத்திப் படம் எடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். நாளைக்குச் சரிபார்க்க வருபவர் ஒரு விருத்தம் பாடச் சொன்னால் உண்மையான கலைஞர் பாடிவிடுவார். ஆனால் பொய்ப் படம் ஒன்று உள்ளே இருந்தாலே மற்ற காகிதமெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டினால் விண்ணப்பமாகும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் ஒப்புதல் தருவார். இதற்கு ஐந்நூறு, ஆயிரம் என்று பேசுபவரைத் திண்ணையிலேயே நிறுத்துங்கள். வேலைக்குப் போகும் அண்ணன் அதே குடும்ப அட்டையில் இருந்தால் அவர் சம்பளமும் சேர்ந்து வரும். அவர் உண்மையிலேயே தனி அடுப்பு வைத்திருந்தால், முதலில் அட்டையைப் பிரித்துவிட்டுப் பிறகு சான்று கேளுங்கள். முதியோர் உதவித்தொகை போல வேறு மாதப் பணம் ஏதேனும் வாங்கினால் மறைக்காதீர்கள், ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் ஊருக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் அப்பாவின் ஜமாவில் தேவைப்படுபவர் இருப்பார் என்பதால் விரித்தே சொல்கிறேன். கடலூர்க் கூத்து ஜமாக்களில் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்துக்காரர்களும் உண்டு. ஒரே மேடையில் தருமன் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை, துரியோதனன் புதுச்சேரிக் குடும்ப அட்டை. ஆடியது எந்த மண்ணில் என்பதை இந்தத் திட்டங்கள் பார்ப்பதில்லை, குடியிருப்பு எங்கே என்பதைத்தான் பார்க்கின்றன. வாழ்நாள் முழுக்க நெல்லிக்குப்பத்திலும் குறிஞ்சிப்பாடியிலுமே ஆடியிருந்தாலும், வீடு பாகூரில் என்றால் அவர் போக வேண்டிய இடம் புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறை. பாகூரின் அஞ்சல் எண்ணே 607 என்று கடலூர் வரிசையில் தொடங்குகிறது. அதைக் காட்டி, ‘பின்கோடு கடலூர்தானே, இங்கேயே போட்டுவிடலாம்’ என்று தரகர் சொல்வார். அஞ்சல் எண் தபால்காரருக்கானது, மாநில எல்லைக்கு அதனோடு சம்பந்தமில்லை. கடலூரில் மகள் வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றி இங்கே விண்ணப்பித்தால், குடும்ப அட்டை அங்கே இருப்பது தெரிந்து இரண்டு பக்கமும் கைவிட்டுப் போகும். உண்மையாகவே இந்தப் பக்கம் குடிவந்துவிட்டவர், அங்கே பெயர் நீக்கிய சான்று வாங்கி, இங்கே குடும்ப அட்டையில் பெயர் சேர்த்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லை என்று ஒரு நூறடி தூரத்து வாய்க்கால் ஒரு கலைஞனை இப்படி இரண்டாகக் கிழிப்பது அநியாயம். இரண்டு அரசும் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம் இது, பேசுவதற்குத்தான் ஆளில்லை.

மாவட்டக் கலை மன்றத்தின் விருதும் இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் தேர்வு நடக்கும். 51 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை நன்மணி, பணமுடிப்பு ரூ.15,000. அது ஒரு முறை வரும் பணம். விருது வாங்கியவருக்குத்தான் மாதப் பணம் என்று சொல்வது பொய். வாத்தியக் கருவி, ஆடை அணிகலன் வாங்க ரூ.10,000 தரும் திட்டம் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும். அப்பா பெயரில் அதற்கு யாராவது கையெழுத்துக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஒரே ஆதார் நகலை ஒரு மேசைக்கு ஒன்று என்று கேட்பார்கள், ஐந்து செட் எடுத்துவிடுங்கள். காலிடறி நடக்கும் மனிதரை மூன்று முறை பேருந்து ஏற வைப்பது எந்த விதியிலும் இல்லை, ஆனாலும் நடக்கிறது. பணம் உடனே வராது. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு மாதம் பதில் இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன குறை. இந்த மூன்று கேள்வி போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அந்த ஆள் மறுபடி வருவார். ‘முன்பணம் வேண்டாம், முதல் மூன்று மாதப் பணம் போதும்’ என்று இறங்கி வருவார். வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்பார், அல்லது அசல் குடும்ப அட்டையைக் கேட்பார். எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அசல் ஏதாவது அவரிடம் போயிருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன் அதைத் திரும்ப வாங்குங்கள்.