கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் தொற்று: சொட்டு மருந்து போதுமா?

கண்புரை அறுவை முடிந்த நான்காம் நாள் கண் சிவந்து, வலித்து, பார்வையும் மங்குகிறது, சொட்டு மருந்தே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கண் மருத்துவரிடம் போங்கள். இது எண்டாஃப்தால்மைட்டிஸாக, அதாவது கண்ணுக்கு உள்ளேயே கிருமித் தொற்றாக இருக்கலாம். மேலே விடும் சொட்டு, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழ் வரை தேவையான அளவு போய்ச் சேராது. அதனால் கண்ணை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் அந்தக் கூழில் கொஞ்சம் பரிசோதனைக்கு எடுப்பார்கள். முடிவு வரும்வரை பார்த்திருக்காமல், வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை நேராக உள்ளே செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிலிட்டர், இரண்டு துளி அளவுதான். வெளிச்சம் மட்டுமே தெரிகிற நிலைக்குப் பார்வை போய்விட்டால், கூழையே அகற்றும் விட்ரெக்டமி கூடுதல் பலன் தரும் என்று 1995-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அப்புறம், கண்ணைத் தேய்க்காதீர்கள். இப்போது விடும் சொட்டு மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.