சம்பளமில்லாத அருங்காட்சியக வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள், கலைப்பொருள் பாதுகாப்புத் துறைக்குப் போகிறேன் என்கிறாள். அதற்கு முன்னோட்டமாக ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வாரம் ஒரு நாள் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போகிறாளாம். 'இது படிப்பில் சேருமா, பொழுதுபோக்கா, இல்லை யாரோ இலவசமாக வேலை வாங்கப் பார்க்கிறார்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான சந்தேகங்கள்தான். அனுப்பலாம் என்பது என் பதில். ஆனால் என்ன வேலைக்கு, யாருடைய மேற்பார்வையில் என்று தெரிந்துகொண்ட பிறகு அனுப்புங்கள்.

ஓவியம், காகிதம், துணி, உலோகம், புகைப்படம் இவையெல்லாம் ஏன் கெடுகின்றன என்று கண்டுபிடித்து, கெடுவதை நிறுத்தி, தேவையான அளவு மட்டும் சரிசெய்வதுதான் கன்சர்வேட்டர்களின் வேலை. பெரிய அருங்காட்சியகங்களில் இவர்களுக்கென்று தனி ஆய்வகம் இருக்கும். சிறியவற்றில் அப்படி ஒருவர்கூட இருக்க மாட்டார். டிக்கெட் கொடுப்பவர்தான் பழைய புகைப்படங்கள் இருக்கும் அலமாரிக்கும் பொறுப்பு. இந்தக் குறையை ஓரளவு தீர்க்கத்தான் அனுபவமுள்ள கன்சர்வேட்டர்கள் தங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கன்சர்வேட்டர்கள் சங்கம் 'ஏஞ்சல்ஸ் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் இதைச் செய்கிறது. ஆண்டு மாநாட்டுக்காகக் கூடுகிற வல்லுநர்களில் சிலர் அந்தப் பகுதியில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் ஓவியர்களின் ஸ்டூடியோக்கள் மூழ்கியபோது, புரூக்ளினில் தற்காலிக மையம் ஒன்றைத் திறந்து நனைந்த படைப்புகளைக் காப்பாற்ற உதவியதும் இவர்கள்தான்.

கவனியுங்கள், இங்கே தொண்டு செய்வது தேர்ந்த வல்லுநர்கள். உங்கள் மகள் அந்த இடத்தில் இல்லை. 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ நதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குள் புகுந்தபோது, பல நாட்டு மாணவர்கள் அங்கே போய்க் குவிந்தார்கள். தேசிய நூலகத்தின் நிலவறையிலிருந்து சேறு படிந்த புத்தகங்களை வரிசையாக நின்று கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள். அந்த ஊர் அவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்று இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் புத்தகங்களைக் கழுவி, உலர்த்தி, மறுபடி கட்டியது பயிற்சி பெற்றவர்களின் கைகள். அது பல பத்தாண்டுகள் நீண்ட வேலை. மாணவர் சுமக்கலாம், துடைக்கலாம், எழுதலாம். சரிசெய்வது வேறொருவர் வேலை.

இந்த எல்லையை உங்கள் மகள் தாண்டாமல் இருப்பது மிக முக்கியம். கிழிந்த கடிதத்தை ஆசையோடு செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். சில வருடங்களில் அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும். அப்புறம் கிழிசலைவிடக் கறைதான் பெரிய தலைவலி. பின்னால் வருபவர் பிரித்தெடுக்கக்கூடிய பொருளால்தான் ஒட்ட வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை ஒழுக்கம். முதல் மாதமே தூரிகையைக் கொடுத்து ஓவியத்தைச் சுத்தம் செய்யச் சொல்கிற இடம் என்றால் அது நல்ல இடம் இல்லை, அங்கே போக வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வாள்? பார்க்கச் சாதாரணமான வேலைகள். பொருளைப் படமெடுத்து, எங்கே விரிசல், எங்கே கறை என்று நிலை அறிக்கை எழுதுவது. பூச்சிப் பொறிகளில் சிக்கியது என்ன பூச்சி என்று பார்த்துக் குறிப்பது. ஈரப்பதம் ஏறி இறங்குவதைப் பதிவுசெய்வது. பூச்சி அரித்த துணியை உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமோ அதற்கு மேலோ உறையவைக்க உதவுவது. எல்லாவற்றையும்விட, கிடங்கை ஒழுங்குபடுத்துவது. ரோமில் உள்ள ஐக்ரோம் என்ற சர்வதேச அமைப்பு, சிறிய அருங்காட்சியகங்கள் கிடங்கைச் சீர்செய்வதற்கென்றே 'ரீ-ஆர்க்' என்று ஒரு வழிமுறையை உருவாக்கியிருக்கிறது. பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில் எதையும் பாதுகாக்க முடியாதே. கையில் காசில்லாதபோது எதை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் பெரிய ஆய்வகத்தைவிட இங்கேதான் சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம்.

மக்களோடு பழகுவதும் இந்த வேலையில் அடக்கம். ஒரு கால்சட்டையில் இருக்கும் கறையை அழுக்கு என்று நினைத்துத் துவைக்கப் போவோம். கொடுத்த குடும்பம், அது சுரங்கத்தில் வேலை செய்த தாத்தாவின் உடுப்பு, கரி இருக்கட்டும் என்று சொல்லும். கேட்காமல் கை வைத்தால் வரலாறே போய்விடும். பூர்வகுடிச் சமூகங்களின் சடங்குப் பொருள்களில் இது இன்னும் நுட்பமான விஷயம். யார் தொடலாம், எப்படி வைக்கலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை ஒட்டி, பெற்றோராக நீங்கள் கேட்க மறந்த ஒன்று. பழைய அருங்காட்சியகங்களில் பூச்சிக்கு மருந்தாக ஆர்செனிக்கும் பாதரசச் சேர்மங்களும் போட்டிருக்கிறார்கள். தோல், இறகு, பாடம் செய்த விலங்குகளில் அவை இன்னும் இருக்கலாம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி சடங்குப் பொருள்கள் பூர்வகுடிகளுக்குத் திரும்பிப் போனபோது, அணிந்து ஆடினால் ஆபத்தாகலாம் என்பதால், என்ன மருந்து போட்டிருக்கிறது என்று தெரிந்தவரை சொல்ல வேண்டிய பொறுப்பும் அருங்காட்சியகங்களுக்கு வந்தது. அதனால் கையுறை, முகக்கவசம் பற்றி முதல் நாளே பேச வேண்டும். கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு இது புரியும்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஒப்பந்த வேலைகள் அதிகம். பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு வேண்டும். அமெரிக்காவில் அதில் சேர ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கலை வரலாறு, கைவேலைத் திறன் இவற்றோடு முன் அனுபவமும் எதிர்பார்க்கிறார்கள். வாரம் ஒரு நாள் செய்யும் இந்த வேலை அங்கேதான் உதவும். ஆனால் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் உழைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கதவு திறக்கிறது என்ற விமர்சனமும் துறைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான். எனவே ஒரு பருவம் என்று எல்லை போடுங்கள். அதற்கு மேல் கேட்டால் ஊதியம் பற்றிப் பேசட்டும்.

சேருவதற்கு முன் அவளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: வழிகாட்டும் கன்சர்வேட்டர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, போக்குவரத்துச் செலவு தருவார்களா, செய்த வேலையின் படங்களைத் தன் தொகுப்பில் வைக்க அனுமதி உண்டா, முடிவில் சான்றுக் கடிதம் கிடைக்குமா. முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு அருங்காட்சியகம் தேடச் சொல்லுங்கள். மற்றவை பேசித் தீர்க்கக்கூடியவை.