படபடப்பு இல்லாத நாளிலும் அப்பா மாத்திரை போட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் களியக்காவிளைக்கு அருகில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 71, எடை 58 கிலோ. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் நெஞ்சு படபடப்புக்காகத் திருவனந்தபுரத்தில் காட்டியபோது, ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றும், எக்கோவில் வால்வுகளில் கோளாறு இல்லை என்றும் சொல்லி, அபிக்ஸபான் 5 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் போடச் சொன்னார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1. அப்பா இன்றும் எங்கள் ரப்பர் மரங்களில் தானே பால் வெட்டுகிறார். ஒருநாள் கத்தி பட்டு விரலில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனதிலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்து, அதையும் படபடப்பு வருகிற நாளில் மட்டும் போடுகிறார். போன மாதம் மாத்திரை தீர்ந்தபோது, உலோக வால்வு வைத்திருக்கும் சித்தியின் அசிட்ரோம் மாத்திரையை இரண்டு நாள் வாங்கிப் போட்டார். சித்திக்கு மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை உண்டு; அப்பாவுக்கு ஏன் சொல்லவில்லை? ஆஸ்பிரின் மட்டும் போட்டால் போதாதா? முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டுமா?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் மறக்காமல் எழுதியது நல்லதாயிற்று. இந்த மாத்திரையின் அளவு அந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவாகிறது. அதற்கு முன், உங்கள் அப்பா கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. படபடப்புக்குத்தான் இந்த மாத்திரை என்று அவர் நினைக்கிறார். அபிக்ஸபான் துடிப்பைச் சீராக்குவதும் இல்லை, படபடப்பைக் குறைப்பதும் இல்லை. அது செய்கிற ஒரே வேலை, இதயத்துக்குள் ரத்தக்கட்டி உருவாகாமல் காப்பது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் போன ரத்தம் சரியாக வெளியேறாமல் தேங்கும். காலையில் வெட்டிய பாலைச் சிரட்டையிலிருந்து எடுக்காமல் விட்டால் மாலைக்குள் என்ன ஆகும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாததல்ல. தேங்கிய ரத்தமும் அப்படித்தான் உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம். அப்படி வருகிற பக்கவாதம் பெரும்பாலும் கடுமையானதாகவும் இருக்கிறது.

கட்டி உருவாகிற நாளும் படபடப்பு தெரிகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பலருக்குத் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த உணர்வும் இருப்பதில்லை. அதிலும் சர்க்கரை நோய் உள்ள முதியவர்கள் சிலர், நாடி பிடித்துப் பார்த்து நாம் சொன்ன பிறகுதான் நம்புகிறார்கள். 2002-இல் வெளியான அஃபர்ம் ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்தால், பெரும்பாலோர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்தியவர்களாகவோ, போதிய அளவில் எடுக்காதவர்களாகவோ இருந்தார்கள்; துடிப்பைச் சீராக வைக்க மருந்து எடுத்த பிரிவிலும் இதே நிலைதான். துடிப்பு அடங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகு எந்த இதய மருத்துவரும் மறந்ததில்லை.

அப்பாவுக்கு இந்த மருந்து தேவைதானா என்றால், தேவைதான். பக்கவாத ஆபத்தை அளக்க நாங்கள் போடும் கணக்கில், 65 வயதைக் கடந்ததற்கு ஒரு மதிப்பெண், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று அவருக்கு மூன்று மதிப்பெண் வருகிறது; இரண்டு வந்தாலே மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். மூன்று மதிப்பெண் உள்ள நூறு பேர் மருந்தில்லாமல் இருந்தால், ஓராண்டில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பக்கவாதம் வரக்கூடும். ஒழுங்காக மருந்து எடுத்தால் அந்த ஆபத்து மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

இனி அளவு. 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோவோ அதற்குக் குறைவோ எடை, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அபிக்ஸபானை 2.5 மி.கி. ஆகக் குறைக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே காலை 5, இரவு 5 என்று எழுதிக் கொடுத்தது சரியான அளவு. பாதி மாத்திரை போட்டால் ரத்தக்கசிவு பயம் பாதியாகும் என்று தோன்றலாம். ஆனால் பாதுகாப்பு குறைவது மட்டுமே அதில் நிச்சயம். இந்த மருந்தின் வேகம் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டால் அவர் ஏறக்குறைய மருந்தே இல்லாதவராக நடமாடுகிறார். ஒரு வேளை மறந்துபோனால், ஆறு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

விரல் காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பயந்தது அதற்காகத்தான். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. இந்த மருந்து எடுப்பவருக்கு ரத்தம் நிற்கச் சற்று நேரமாகும், ஆனால் நிற்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை உயர்த்திப் பிடித்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய உறைவு பெயர்ந்துவிடுகிறது. கத்தி பிடிக்காத கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டு அவர் தாராளமாகப் பால் வெட்டலாம். நாங்கள் அஞ்சுவது விரல் காயத்தை அல்ல. மலம் தார் போலக் கறுத்துப் போவது, சிறுநீரில் ரத்தம், ரத்த வாந்தி, சரிவில் வழுக்கித் தலையில் அடிபடுவது ஆகியவைதான் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை. தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சித்தியின் மாத்திரையை இனி ஒருபோதும் வாங்கிப் போடக் கூடாது. இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை என்றாலும், வேலை செய்யும் வழி வேறு. அசிட்ரோம், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பது; அதன் முழுப் பலன் வர இரண்டு மூன்று நாளாகும், ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்கு மிகையாகும், கீரையும் சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும்கூட அதை ஏற்றி இறக்கும். அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. அபிக்ஸபான் உறைதலின் ஒரே ஒரு கண்ணியை நேரடியாகத் தடுக்கிறது. அளவு நிலையாக இருப்பதால் ஐஎன்ஆர் தேவைப்படுவதில்லை. போன மாதம் போட்டதன் விளைவு இதற்குள் போயிருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் போட்டிருந்தால் பெரிய ரத்தக்கசிவில் முடிந்திருக்கலாம்.

சித்தியும் அப்பாவைப் பார்த்துத் தன் மருந்தை மாற்றிக்கொள்ள ஆசைப்படக் கூடாது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் வகைதான் இன்றும் உரிய மருந்து. வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் வந்தவர்களிடம் ரிவராக்ஸபான் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானபோது, பழைய மருந்து எடுத்தவர்களே கூடுதல் காலம் உயிரோடிருந்தார்கள். 1990-இல் திருவனந்தபுரத்தில், அங்கேயே உருவாக்கிய சித்ரா என்ற செயற்கை வால்வு முதன்முதலாகப் பொருத்தப்பட்டதிலிருந்து இன்றுவரை, கேரள எல்லையின் இரு பக்கத்திலும் எத்தனையோ பேர் அந்த வால்வோடு வேலைக்குப் போய் வருகிறார்கள் என்றால், அதற்கு மாதந்தோறும் தவறாமல் பார்க்கும் ஐஎன்ஆரும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு ஐஎன்ஆர் வேண்டாம் என்பதால் பரிசோதனையே வேண்டாம் என்று இருந்துவிட வேண்டாம். அபிக்ஸபானின் ஒரு பங்கு சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சர்க்கரையும் இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். வெளியே தெரியாமல் வயிற்றில் ரத்தம் கசிந்தால் ஹீமோகுளோபின் குறைவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆஸ்பிரின் போதாது. 2011-இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராது என்று கருதப்பட்ட நோயாளிகளில் அபிக்ஸபான் எடுத்தவர்களுக்கு, ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் பாதிக்கும் குறைவாக வந்தது. பெரிய ரத்தக்கசிவோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முருங்கைக்கீரை அப்பாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். சித்தி மட்டும் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளியும் இல்லை என்று இல்லாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. நம் பக்கத்தில் உடம்பு வலி என்றால் இடுப்பில் ஓர் ஊசி, முதுகு பிடித்தால் டைக்ளோஃபினாக் மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் உழிச்சல் (மசாஜ்) என்று போவது வழக்கம். அப்பாவுக்கு மூன்றும் ஆகாது. தசையில் போடும் ஊசியாலும் அழுத்தி உழிவதாலும் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். டைக்ளோஃபினாக் வயிற்றில் கசிவை உண்டாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கஷாயம், லேகியம் எதுவானாலும் பாட்டிலைக் கையோடு எடுத்துச் சென்று இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போனால், மருந்தை நிறுத்துவதா, எத்தனை வேளை நிறுத்துவது என்பதை இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

இன்று இரவு முதல் முழு மாத்திரையாக, இரண்டு வேளையும் தொடங்கச் சொல்லுங்கள். இதுவரை இடைவெளி விட்டு எடுத்ததைத் திருவனந்தபுரம் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவியுங்கள். மருந்து எடுத்தும் பயனில்லை என்று அவர் தவறாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. ஒரு வாரத்துக்கான மாத்திரை மீதம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்குங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், அட்டையில் மருந்தின் பெயர் அபிக்ஸபான்தானா, 5 மி.கி.தானா என்று பார்த்து, பழைய அட்டை தீர்ந்த பிறகே புதியதைப் பிரிக்க வேண்டும்.

அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை வைத்துத்தான் அந்த ஊசி போடலாமா என்று அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே மாத்திரை அட்டையையும், போட்ட நேரத்தைக் குறித்த தாளையும் மறக்காமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.